துஆ

அன்னவாசல் ஊரின் முஸ்லிம் வீடுகளில் பிள்ளை பரீட்சைக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பினால் அத்தாவும் (அப்பா) அம்மாவும் கையேந்தித் துஆ கேட்பார்கள். அரபியில் 'தஆ' என்றால் அழைத்தான். அதில் பிறந்தது துஆ: அழைத்துக் கேட்பது. நம் கோர்ட்டுத் தமிழின் 'தாவா'வும் (வழக்கு) இதே வேர்தான், வேடிக்கை! தொழுகை ஐந்து வேளை, அரபியில். துஆவுக்கு வேளையில்லை, தமிழிலேயே கேட்கலாம். குர்ஆனின் 25:74 வசனம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக்கும்படி கேட்கும் துஆ. பெற்றோர் பலருக்கும் மனப்பாடம். தந்தை, பயணி, அநீதிக்கு ஆளானவர் ஆகிய மூவரின் துஆ தட்டப்படாது என்கிறது நபிமொழி. துஆவுக்கு எதிர்ச்சொல் 'பத்துவா', சாபம். 'பத்' பாரசீகம், கெட்டது என்று பொருள். பிள்ளைக்கு எதிராகத் துஆ கேட்காதீர்கள் என்று இன்னொரு நபிமொழி தடுக்கிறது.