இழுக்காத வண்டியும் கண்டம் செய்த கோப்பும்

"வண்டியில பிக்கப் இல்ல சார்." நம் பக்கத்து ஓட்டுநர்கள் வாயில் இந்த வார்த்தையைக் கேட்காத நாள் கிடையாது. ஆங்கிலேயனுக்குப் பிக்கப் என்றால் பின்புறம் திறந்த சிறிய சரக்கு வண்டி. நம் பட்டறைகளில் அதே சொல்லுக்கு இழுவை என்று பொருள். அதனால் "பிக்கப் வண்டியில பிக்கப் இல்ல" என்று ஒருவர் சொன்னால் காட்பாடியில் யாரும் சிரிப்பதில்லை. காரணம் என்ன என்று கேட்பார்கள்.

இந்தப் புகாருக்குக் குறைந்தது 80 ஆண்டு வரலாறு உண்டு. பெட்ரோல் போய்க் கரி வந்தது, கரி போய் டீசல் வந்தது, இப்போது கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. புகார் மட்டும் அப்படியே இருக்கிறது. இழுவை குறைந்தால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தவர்கள் வண்டியைக் காப்பாற்றினார்கள். தெரியாதவர்கள் எஞ்சினைப் பிரித்தார்கள், கடன்பட்டார்கள், சிலர் வண்டியையே விற்றார்கள். அந்த வரிசை எப்படி உருவானது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கரியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை வெள்ளைக்காரர்களே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். நமக்குப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் நின்றது. பஸ்களும் லாரிகளும் கரி வாயுவுக்கு மாறின. மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் இதற்கென்றே ஒரு கரி வாயுக் கலனைத் தயாரித்து விற்றது. வண்டியின் பின்னால் உயரமான உருளை ஒன்று தொங்கும். கிளீனர் பையன் காலையில் கரியைப் போட்டு, நெருப்பு மூட்டி, கையால் ஊதுகாற்றாடியைச் சுற்றிக்கொண்டு நிற்பான். வாயு சரியாக வந்த பிறகுதான் வண்டி கிளம்பும். என் தலைமுறைக்கு இது காதால் கேட்ட கதை. நம் அப்பாக்களுக்குக் கண்ணால் கண்ட காட்சி.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தக் கலனின் இன்னொரு பெயரும் தெரியும்: கஸோஜேன். ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சிலும் அதே ஆண்டுகளில் கார்களும் லாரிகளும் இதை முதுகில் சுமந்துகொண்டுதான் ஓடின. 1920களிலேயே லொரேன் பகுதியைச் சேர்ந்த ஜோர்ஜ் இம்பேர் என்ற வேதியியல் பொறியாளர் விறகில் ஓடும் கலன் ஒன்றைச் செய்திருந்தார். பாரிசில் ஓடிய காருக்கும் வேலூரில் ஓடிய பஸ்ஸுக்கும் ஒரே குறைதான் இருந்தது. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும்.

அதற்கு எஞ்சின் காரணமில்லை. குறைந்த காற்றில் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதுதான் எரிபொருள். ஆனால் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் கூடவே வந்து சேர்வதால் அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத சரக்கு. நல்ல நிலையில் இருந்த எஞ்சின்கூடப் பெட்ரோலில் கொடுத்த சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் கொடுக்கும். அதற்கும் கீழே இறங்கினால் கரி ஈரமா, சாம்பல் அடைத்திருக்கிறதா, வடிகட்டித் துணி புகைக்கரியால் மூடிவிட்டதா, குழாய் இணைப்பில் வெளிக்காற்று புகுகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாமே எஞ்சினுக்கு வெளியே உள்ள விஷயங்கள். உள்ளே கை வைப்பது கடைசியில்தான். நம் ஊர் மெக்கானிக்குகளின் முதல் தலைமுறை இந்தப் பாடத்தைப் போர்க்காலத்தில் கரி படிந்த கையோடு படித்தது.

போர் முடிந்த பின் டீசல் வந்தது. அதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் ஜெர்மானியப் பெற்றோருக்கு 1858இல் பாரிசில் பிறந்தவர். அவருடைய எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் 20 மடங்கு அளவுக்கு நெருக்கினால் அது கொதித்துப் போகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சும் பம்பை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதே போஷின் கூட்டுறவில் 1951இல் பெங்களூரில் மைக்கோ தொடங்கியது. சென்னையில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரித்தது. பழைய பெட்ரோல் லாரிகளின் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவது அந்தக் காலத்தில் ஒரு தனித் தொழிலாகவே நடந்தது.

நம் தோல் தொழிலுக்கு இது பெரிய விஷயம். உப்பு போட்ட ஈரத்தோல் எவ்வளவு கனம் என்பது தூக்கியவனுக்குத் தெரியும். தோலும், பதனிடும் பட்டையும், சுண்ணாம்பும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டாவுக்கு ஏறும் மலைப்பாதைதான் நம் பக்கத்து வண்டிகளுக்குப் பரீட்சை மண்டபம். சமவெளியில் மறைந்திருக்கும் குறை அந்த ஏற்றத்தில் வெளியே வந்துவிடும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கு ஆனது. அதுவரை பெட்ரோலில் ஓடிய ஜீப்புகளை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போலாகிவிட்டது. 1979இல் மகிந்திரா நிறுவனம் பிரான்சின் பெழோ நிறுவனத்திடம் எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் எஞ்சினுக்கு உரிமம் வாங்கியது. நம் ஊரில் இதைப் பியூஜியோட் எஞ்சின் என்றுதான் சொல்வார்கள். பெயரிலேயே விவரம் இருக்கிறது: 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். மொத்தக் கொள்ளளவு 2112 சி.சி. 1980களிலும் 90களிலும் மகிந்திரா ஜீப்புகளிலும் பிக்கப் வண்டிகளிலும் நாம் பார்த்தது இந்தக் குடும்பத்து எஞ்சின்தான். குளிர்ந்த காலையில் சாவியைத் திருப்பி ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

இந்த எஞ்சின் வந்த பிறகுதான் நம் பட்டறைகளில் புகையைப் பார்த்து நோயைச் சொல்லும் வித்தை முழுமை பெற்றது. கறுப்புப் புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்றுப் போதவில்லை. அந்நாள் ஜீப்புகளில் எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் பில்டர் இருக்கும். நம் கோடைத் தூசியில் அந்த எண்ணெய் சீக்கிரமே சேறாகிவிடும். வெள்ளைப் புகை, அதுவும் எஞ்சின் சூடான பிறகும் வந்தால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது. பம்பின் டைமிங்கையும் நாசிலையும் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம்.

நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுக்கும் முன் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டச் சொல்வார். இறங்கி நான்கு சக்கரத்தின் டிரம்மையும் தொட்டுப் பார்ப்பார். ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஒருவரை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு, பம்பின் லீவர் முழுக்க நகர்கிறதா என்று பார்ப்பார். கால் மிதியடி மடங்கி மிதியின் கீழ் மாட்டியிருந்தாலே பாதி சக்தி போய்விடும். அடுத்து டீசல் பில்டர், பீட் பம்பின் சல்லடை, குழாயில் காற்று நுழையும் இடம். பிறகு சைலன்சர் அடைப்பு. அதற்கும் பிறகுதான் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் வரிசையாகத் தளர்த்திப் பார்ப்பது. எந்தச் சிலிண்டரில் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். கடைசியாக எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து, உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார்ப்பார். வந்தால்தான் ரிங், பிஸ்டன், போரிங் என்ற பேச்சு.

இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. செலவில்லாதது முதலில், சில நூறு ரூபாயில் முடிவது அடுத்து, ஆயிரக்கணக்கில் போவது கடைசியில். வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். வீட்டு நகையை அடகு வைத்து போரிங் செய்த பிறகும் வண்டி இழுக்காமல், அப்புறம் யாரோ பில்டரை மாற்றிச் சரிசெய்த கதை ஏதாவது ஒரு வடிவில் எல்லா ஊரிலும் உண்டு.

அரசு அலுவலகங்களில் இது வேறு உருவத்தில் நடந்தது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இந்த எஞ்சின் வைத்த பிக்கப் ஒன்று இருந்தது. லோடு ஏற்றினால் மேடு ஏறாது. ஓட்டுநர் பதிவேட்டில் "எஞ்சின் பலவீனம்" என்று எழுதினார். கோப்பில் அந்த இரண்டு சொல் ஏறிய பிறகு வேறு காரணத்தை யாரும் தேடவில்லை. எஞ்சின் வேலைக்கு மதிப்பீடு வந்தது, தொகை அனுமதி வரம்பைத் தாண்டியது, வண்டியைக் கண்டம் செய்ய உத்தரவானது. பல மாதம் வேப்பமரத்தடியில் நின்ற பிறகு ஏலத்தில் போனது. எடுத்தவர் தோல் வியாபாரி. அவருடைய மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னாளில் என்ன கோளாறு என்று அவரிடமே கேட்டேன். "எஞ்சின் தங்கம் சார். பீட் பம்ப் சல்லடையில பாசி மாதிரி அழுக்கு. சைலன்சர் உள்ள தகடு கழண்டு அடைச்சிக்கிட்டு இருந்துச்சு. அவ்ளோதான்" என்றார். அந்த வண்டி ஈரத்தோல் ஏற்றிக்கொண்டு இன்னும் பல வருடம் ஓடியது. அதை ஓட்டிய ஓட்டுநர்தான் பாவம். வண்டி இல்லாத அலுவலகத்தில் அவருக்கு வேலை இல்லை என்று வேறு ஊருக்கு மாற்றல் ஆனது. பிள்ளைகள் படிப்பு பாதியில் இருந்தது.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் விற்கும் டீசல் வண்டிகளில் சென்சார்கள் காற்றையும் எரிபொருளையும் அளந்துகொண்டே இருக்கின்றன. குறை தென்பட்டால் வண்டியே தன் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினால் எண் ஒன்று வருகிறது. ஆனால் "காற்று அழுத்தம் குறைவு" என்று ஸ்கேனர் சொன்னால் டர்போவை மாற்றச் சொல்பவரும் இருக்கிறார், கிழிந்த ரப்பர் குழாயைக் கண்டுபிடித்து மாற்றுபவரும் இருக்கிறார். இரண்டு பேர் பார்த்ததும் ஒரே எண்ணைத்தான்.

அரசு வண்டிகளுக்கோ இப்போது புகாரே தேவையில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை. ஏலத்தில் எடுத்து மறுபடி ஓட்டும் வழக்கம் போய், அவை பதிவு பெற்ற உடைப்புக் கூடங்களுக்குப் போகின்றன. புகைக்கும் விபத்துக்கும் இது நல்ல ஏற்பாடு என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் பழைய பிக்கப்பை நம்பிப் பிழைப்பவர்கள் நம் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளிடமோ அண்டை வீட்டாரிடமோ அப்படி ஒரு வண்டி இருந்து, அது இழுக்கவில்லை என்று வந்து நின்றால், போரிங் பேச்சை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். புகை என்ன நிறம்? டீசல் பில்டர் மாற்றி எவ்வளவு நாளாயிற்று? நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தாயா?