பெயரும் உரிமையும்: ஊவாத் தேயிலையை முன்வைத்து ஒரு நோக்கு

வணிகத்தின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் விலை, விளைச்சல், கூலி என்பவற்றையே கருத்திற் கொள்வர். பண்டத்தின் மேல் எழுதப்படும் பெயரும் ஒரு சொத்து என்பதும், அச்சொத்தின் பொருட்டு வழக்குகளும் சட்டங்களும் எழுந்தன என்பதும் அத்துணை கவனம் பெற்றில. மலையகத்தின் வரலாற்றை அறிய விழைவோர்க்கு இப்பெயர்களின் கதை இன்றியமையாதது. ஏனெனில், தேயிலை கொழுந்தாக இருக்கும்போது பெறும் விலை வேறு. பெயர் பொறித்த பொதியாக மாறியபின் பெறும் விலை வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருளாகும்.

பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடைப்பட்ட மலைத்தொடரில் அமைந்தது பூனாகலை. அதன் அயலிலே தம்பேத்தன்னைத் தோட்டமும், லிப்டன் இருக்கை என இன்றும் வழங்கும் மலையுச்சியும் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று மறுபுறத்தே மழையைப் பொழிந்துவிட்டு, யூலை முதல் செப்ரெம்பர் வரை இச்சரிவுகளில் வறண்ட காற்றாக வீசுகின்றது. அக்காலத்திற் பறிக்கப்படும் கொழுந்தே ஊவாத் தேயிலைக்குரிய தனி மணத்தைத் தருவது. இயற்கை அளித்த இம்மணம் சந்தையில் விலையாக மாறுவதற்குப் பெயர் ஒன்று தேவைப்பட்டது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1883 யூலை 30ஆம் நாள் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. ஏலத்திற்குச் செல்லும் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரைப் பொறிப்பது வழக்கமாயிற்று. இது விற்பனைக் குறி எனப்பட்டது. சுவைத்துப் பார்க்கும் தரகர் அக்குறியை நினைவில் வைத்தே அடுத்த பெட்டியின் விலையை மதித்தார். எனினும் இப்பெயர் ஏல மண்டபத்தைத் தாண்டியதில்லை. இலண்டனிலும் பிற நகரங்களிலும் பல தோட்டங்களின் தேயிலை ஒன்றாகக் கலக்கப்பட்டது. வாங்கிக் குடித்தவர் அறிந்தது கலந்து விற்றவரின் பெயரையே.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோ நகரில் 1871இல் ஒரு சிறு மளிகைக் கடையைத் தொடங்கிய அவர், 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கும் முறைக்கு மாறாக, நிறை குறிக்கப்பட்ட சிறு பொதிகளில் தம் பெயரை அச்சிட்டு விற்றார். தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்னும் கருத்தே அவரது விளம்பரத்தின் உயிர்நாடி. இலண்டனில் டென்சம் என்னும் குடும்ப நிறுவனம் செய்ததும் இங்குக் குறிப்பிடத்தக்கது. சுவை எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லையும், தோட்டம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லையும் இணைத்து, ‘மசவாத்தி’ என்னும் பெயரைப் புனைந்து 1887இல் அது பதிவு செய்துகொண்டது. நம் நாட்டு மொழியின் சொல் ஒன்று இவ்வாறு பிறநாட்டு வணிகரின் தனியுடைமையாயிற்று.

பெயர்கள் சொத்தாகவே, களவும் உடன் வந்தது. களவைத் தடுக்கச் சட்டமும் வந்தது. பிரித்தானியாவில் 1875இல் வியாபாரக் குறிப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1887ஆம் ஆண்டின் வணிகப் பொருட் குறிச் சட்டம், ஒரு பண்டம் விளைந்த நாட்டைப் பொய்யாகக் குறிப்பதைக் குற்றமாக்கியது. இலங்கையிலும் 1888இல் இத்தகைய சட்டம் ஆக்கப்பட்டது. 1925இன் வியாபாரக் குறிக் கட்டளைச் சட்டம், 1979இன் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவை என்பவற்றின் வழியே வளர்ந்து, 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாக அது இன்று நிலைபெற்றுள்ளது.

இத்தகைய பிணக்குகளில் நீதிமன்றம் எதனைக் கருதுகின்றது என்பதைத் தமிழகத்து வழக்கு ஒன்று தெளிவாக்கும். ‘ஸ்ரீ அம்பாள்’ என்னும் குறியோடு மூக்குப்பொடி விற்று வந்தது ஒரு நிறுவனம். மற்றொரு வணிகர் ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்னும் பெயரையும் அவ்வம்மையின் படத்தையும் பதிவு செய்ய 1958இல் விண்ணப்பித்தார். இரண்டும் வெவ்வேறு எனப் பதிவாளர் கருதினார். சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1969இல் அதனையே உறுதிப்படுத்தியது. அம்பாள் சிவனின் தேவி என்பதும், ஆண்டாள் வைணவ மரபிற்குரியவர் என்பதும் சமயமறிந்தோர்க்குத் தெரியும். ஆனால் மூக்குப்பொடி வாங்குவோர் எல்லாச் சமயத்தவருமாவர். கடையிற் கேட்கும்போது இவ்விரு பெயரும் காதிற்கு ஒத்தே ஒலிக்கும். புலவரின் அறிவை அளவுகோலாகக் கொள்ளாது, சாதாரண நுகர்வோரின் செவியையும் கண்ணையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே இவ்வழக்கு உணர்த்தும் நெறி.

அம்பாள் என்னும் பெயருக்கும் மூக்குப்பொடிக்கும் இயல்பான தொடர்பு யாதுமில்லை; ஆதலின் அப்பெயர் ஒருவர்க்கே உரியதாதல் இயலும். ஊவா என்னும் பெயரின் நிலை அவ்வாறானதன்று. அது ஒரு மாகாணத்தின் பெயர். எடுத்துக்காட்டாக, பண்டாரவளையில் இரு சிறு வணிகர் தத்தம் பொதிகளில் ‘ஊவா’ என எழுதி விற்கின்றனர் எனக் கொள்வோம். விளைந்த இடத்தை மட்டுமே சுட்டும் பெயர் தனியொருவரின் வியாபாரக் குறியாகப் பதிவு பெறாது. ஆகவே ஒருவர் மற்றவரைத் தடுத்தல் இயலாது. ஆயின், ஒருவர் மற்றவரது பொதியின் நிறத்தையும் அமைப்பையும் மக்கள் மயங்கும்படி பின்பற்றினால், நேர்மையற்ற போட்டி என்னும் 160ஆம் பிரிவு துணை நிற்கும்; அதற்குப் பதிவும் தேவையில்லை. பொதியிலுள்ள ஓவியத்தை அப்படியே எடுத்தாளுவது பதிப்புரிமை மீறலாகும். வியாபாரக் குறியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வரையறையின்றிப் பேணலாம். ஓவியத்தின் பதிப்புரிமையோ, ஆக்கியோனின் ஆயுட்காலத்தோடு மேலும் 70 ஆண்டுகளில் முடிவுறும்.

பொதுப் பெயரைக் காப்பதற்கு வேறு வழி வேண்டும். நாடு 1972இல் இலங்கை எனப் பெயர் மாறிய பின்னரும் தேயிலைக்குச் ‘சிலோன்’ என்னும் பெயரே நிலைத்தது. சந்தையில் ஈட்டிய மதிப்பைக் கைவிட எவரும் விரும்பவில்லை. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, இலங்கையில் விளைந்த தேயிலை மட்டுமே அடங்கி, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டவற்றுக்கு உரியது. புவியியற் குறியீடுகளை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 161ஆம் பிரிவு காத்தபோதிலும், அவற்றைப் பதிவு செய்வதற்கான ஏற்பாடு 2022இன் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினாலேயே கிட்டியது. அவ்வாண்டிலேயே இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய காப்பைப் பெற்றது. இந்தியாவின் டார்ஜிலிங் தேயிலை இவ்வழியில் முன்னரே சென்றது. எனினும், அப்பெயரைத் தன் கூடத்திற்குச் சூட்டிய கல்கத்தா விடுதி ஒன்றின் மீது இந்தியத் தேயிலை வாரியம் தொடுத்த வழக்கு 2019இல் தள்ளுபடியாயிற்று. பண்டத்திற்குரிய காப்பு பண்டத்தோடு நிற்கும் என்பது அதனாற் புலனாகின்றது.

இனி, இப்பெயரை ஆக்கியோர் யார் என்னும் வினா எழுகின்றது. மண்ணும் காற்றும் மட்டும் மணத்தைத் தந்துவிடா. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகத் தேர்ந்து கிள்ளும் கைத்திறன் இல்லையேல் ஊவாத் தேயிலை இல்லை. அக்கைகளுக்குரியோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். அவர்களுள் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கியது 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம். பண்டங்களின் பெயருக்குக் காப்பளித்த புலமைச் சொத்துச் சட்டம் அதே ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமாகும். அடுத்தடுத்த இலக்கங்களாக இவை அமைந்தமை தற்செயலே. ஆயினும், தேயிலையின் பெயரை 1888இலேயே காக்க முனைந்த சட்டவுலகம், தேயிலை பறித்தோரின் பெயரைக் குடிகளின் பதிவேட்டில் ஏற்க எத்துணைக் காலம் கொண்டது என்பதை வரலாற்று மாணவர் எண்ணிப் பார்த்தல் தகும்.

வியாபாரக் குறியின் பயன் அதனைப் பதிந்தவரைச் சேரும். புவியியற் குறியீடோ ஒரு நிலப்பரப்பில் உழைப்போர் அனைவர்க்கும் பொதுவானது என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. அக்கொள்கை மெய்ப்பட வேண்டுமாயின், ஊவாவின் பெயரை ஆளும் விதிகளை வகுக்கும் அவையிலே தோட்ட நிறுவனங்களுக்கும் ஏற்றுமதியாளர்க்கும் மட்டுமன்றி, சிறு தோட்ட உடைமையாளர்க்கும் சிறு வணிகர்க்கும் கொழுந்து பறிப்போர்க்கும் இடமிருத்தல் வேண்டும். பெயரின் பெறுமதி உயருங்கால் கூலியும் உயருமாறு அவ்விதிகள் அமைதல் வேண்டும். அன்றேல், ஏலப் பெட்டியோடு நின்றுபோன தோட்டப் பெயரின் பழைய கதையே புதிய சட்டத்தின் கீழும் தொடரும்.