சாப்பாடு சரி, எடை சரி... அங்கன்வாடியில் குழந்தை எவ்வளவு நேரம் ஓடுது?

"கிராமத்துப் புள்ளைங்கதானே, அதுங்க பாட்டுக்கு ஓடும் விளையாடும்." நம்மில் பலரும் நினைப்பது இப்படித்தான். ஆனால் புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் மாதிரி விவசாயத்தை நம்பியிருக்கும் ஊர்களில், பெற்றோர் வயல் வேலைக்குக் கிளம்பிவிட்டால் சின்னக் குழந்தைக்குப் பகல் கழிவது பெரும்பாலும் அங்கன்வாடியில்தான். இன்னும் பலர் வாயில் அது 'பால்வாடி'. அங்கே குழந்தை ஓடியாடுகிறதா, உட்கார்ந்தே இருக்கிறதா? இதை எது முடிவு செய்கிறது? பார்க்கலாம்.

எவ்வளவு நேரம் தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டம், குதியாட்டம் இருக்கணும். விழித்திருக்கும்போது ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்டது போல உட்கார வைக்கக் கூடாது. செல்போன், டிவி ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

குழந்தையின் குணமா, இடத்தின் குணமா?

"இவன் துறுதுறு, அவ சமத்து" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் 9 மழலையர் பள்ளிகளைச் சேர்ந்த 281 குழந்தைகளின் அசைவைக் கருவி கட்டி அளந்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், குழந்தைகள் நல்ல வேகத்தில் இயங்கியது சராசரியாக மணிக்கு 8 நிமிடத்துக்கும் குறைவுதான். குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதைப் பொறுத்தும் ஓட்டத்தின் அளவு கணிசமாக மாறியது.

அதே மாகாணத்தில் 20 பள்ளிகளை வைத்து 2009-ல் வெளியான ஆய்வு காரணங்களைச் சொன்னது. பெரிய விளையாட்டுத் திடல், குறைவான டிவி நேரம், கையில் எடுத்து விளையாடும் பந்து போன்ற பொருள்கள் உள்ள இடங்களில் குழந்தைகள் கூடுதலாக இயங்கினார்கள். தரையில் நட்டுவைத்த சாதனங்கள் அதிகம் இருந்த இடங்களில் அப்படி இல்லை. சறுக்குமரத்தில் ஒருத்தர் ஏறினால் மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். பந்தை உருட்டிவிட்டால் எல்லாரும் ஓடுவார்கள்!

அதாவது லட்சக்கணக்கில் செலவு தேவையில்லை. துணிப்பந்து, பழைய டயர், நம்ம ஊர் நுங்கு வண்டியே போதும்.

நம்ம அங்கன்வாடிகளில் என்ன நிலை?

1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனையோடு முன்பருவக் கல்வியும் இதன் சேவைகளில் ஒன்று. அதற்கான தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'.

ஆனால் மையத்துக்கு மத்திய அரசு விதி சொல்லும் குறைந்தபட்சக் கட்டடப் பரப்பு 600 சதுர அடி. சமையலறை, பொருள் வைக்கும் அறை, கழிப்பறை எல்லாம் போக மிச்சம்தான் குழந்தைகளுக்கு. அதனால் வாசலும் முற்றமும்தான் உண்மையான மைதானம். அங்கே மர நிழல் இல்லையென்றால் வெயில். பக்கத்தில் கண்மாயோ ரோடோ இருந்து வேலி இல்லையென்றால் பயம். எந்தப் பணியாளரும் குழந்தைகளை உள்ளேயே உட்கார வைக்கத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு நெருக்கடி நம்மிடமிருந்தே போகிறது. "இன்னும் ஏபிசிடி எழுத வைக்கலையா?" என்று கேட்கிறோம். தரையில் கட்டம் போட்டு எண் சொல்லிக் குதிப்பதும் இந்த வயதில் படிப்புதான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* வெயில் ஏறும் முன் காலையிலும், மாலையிலும் வெளியே விளையாட விடுகிறார்களா என்று கேளுங்கள்.
* வேலி, நிழல் மரம் இல்லையென்றால் கிராம சபையில் கோரிக்கை வையுங்கள்.
* வீட்டில் சும்மா கிடக்கும் பந்து, டயரை மையத்துக்குக் கொடுங்கள்.
* பெண் குழந்தையை "ஓடாதே" என்று அடக்காதீர்கள். 2004 ஆய்விலும் பெண் குழந்தைகளின் ஓட்டம் ஆண் குழந்தைகளைவிடக் குறைவாகவே இருந்தது.

சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது "சாப்பிட்டுச்சா, தூங்குச்சா?" என்று கேட்கிறோம். கூடவே "இன்னைக்கு ஓடுச்சா?" என்றும் கேட்டுப் பழகுவோம்.