பூங்காவும் சாலை நடுச் செடியும்: உள்ளாட்சிகள் எப்படிப் பராமரிக்கின்றன?

சாலை நடுவே கவாத்து செய்து குவித்த பசுந்தழையை மாட்டுக்கு அள்ளிக்கொண்டு போகிறவரா நீங்கள்? அப்படியானால் முதலில் அதில் அரளி கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சென்டர் மீடியன்களில் அரளியை அதிகம் நடுவதற்குக் காரணம் உண்டு. வறட்சியையும் வண்டிப் புகையையும் தாங்கும். ஆண்டு முழுவதும் பூக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடு மாடு கடிக்காது. கடிக்காததற்குக் காரணம் அதன் நஞ்சுதான். இலை, தண்டு, பூ, வேர் என எல்லாப் பாகமும் இதயத்தைப் பாதிக்கும். காய்ந்த பிறகும் நஞ்சு போகாது. பச்சையாக நிற்கும் செடியை ஒதுக்கிவிடும் மாடு, புல்லோடு நறுக்கிக் கலந்து போட்டால் தின்றுவிடும். சில கைப்பிடி இலையே ஒரு மாட்டைச் சாய்க்கப் போதும். தீனி எடுக்காமல் நிற்பது, எச்சில் வடிவது, கழிச்சல், தாறுமாறான இதயத் துடிப்பு ஆகியவை தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். மஞ்சள் பூ பூக்கும் பொன்னரளியும் இப்படித்தான்.

யார் பொறுப்பு?

தேசிய நெடுஞ்சாலையின் நடுப்பகுதி நெடுஞ்சாலை ஆணையத்தைச் சேர்ந்தது. ஊருக்குள் இருக்கும் தெருக்களும் பூங்காக்களும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வசம் இருக்கும். புகார் கொடுக்கும் முன் சாலை யாருடையது என்று கேட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

பூங்கா நிலம் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக மீதியுள்ள பரப்பில் 10% இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் இலவசமாக ஒப்படைக்க வேண்டும். உங்கள் லேஅவுட் வரைபடத்தில் 'பூங்கா' என்று இருக்கும் இடம் இன்று கருவேலம் மண்டிக் கிடக்கிறதா? பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பதிவாகாத இடத்தில் உள்ளாட்சி செலவு செய்வது கடினம், ஆக்கிரமிப்புக்கு அது வசதியாகிவிடும்.

வேலையை ஊழியர்களை வைத்தே செய்வதும் உண்டு, டெண்டர் விட்டு ஒப்பந்ததாரரிடம் கொடுப்பதும் உண்டு. செடி நடுவது ஒரு நாள் வேலை, பராமரிப்பு பல வருட வேலை. நட்ட செடிகள் கோடையில் காய்ந்துபோவது பெரும்பாலும் நீர் ஊற்றும் பொறுப்பு ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லாததால்தான். டெண்டர் எடுக்க நினைக்கும் நர்சரிக்காரர்கள் விலையைப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தண்ணீர் யார் தருகிறார்கள், பட்டுப்போன செடிக்கு மாற்றுச் செடி யார் செலவில், பணம் எத்தனை தவணையில்.

புல்தரை

நல்ல வெயில் படும் இடத்துக்கு அருகம்புல் வகைகளோ கொரியன் புல்லோ சரி. மர நிழலில் அருகு நிற்காது, எருமைப்புல் ஓரளவு தாங்கும். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆள் வரும் நாளில் மொட்டையடித்துவிட்டுப் போவதுதான் பல பூங்காக்களில் நடக்கிறது. வேர் வெயிலில் காய்ந்து, அந்த இடத்தில் கோரை ஏறிவிடும். மழைக்காலத்தில் வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறையும், கோடையில் இடைவெளி விட்டும் வெட்டினால் போதும்.

மீடியன் செடிகளுக்கு மண்தான் பிரச்சினை. சாலை போட்டபோது மிஞ்சிய ஜல்லியும் தாரும் கீழே கிடக்கும். அவற்றைத் தோண்டி எடுத்து, செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பாமல் நடுவது வீண் செலவு. டேங்கர் லாரியில் குழாயை வேகமாகப் பிடித்தால் மண் சாலைக்கு ஓடி வேர் வெளியே தெரியும். வண்டிகள் திரும்பும் இடைவெளிக்கு அருகில் செடியைத் தாழ்வாகவே வைக்க வேண்டும். உயரமாக விட்டால் எதிரே வருவது தெரியாது.

சருகும் மரமும்

சருகைக் கொளுத்துவது இன்னும் நிற்கவில்லை. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் பூங்காக் கழிவைத் தனியாகச் சேகரித்து, முடிந்தவரை பூங்காவுக்குள்ளேயே பதப்படுத்தச் சொல்லின. மூன்றடி அகலக் குழியில் சருகையும் பச்சைப் புல்லையும் மாற்றி மாற்றிப் போட்டு, சாணக் கரைசல் தெளித்து, ஈரம் குறையாமல் கிளறிவந்தால் மூன்று நான்கு மாதத்தில் மட்கும். மா இலை போன்ற தடித்த இலைகளைப் பொடித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் தாமதமாகும். சுற்றுவட்ட விவசாயிகள் இந்த உரத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பிளாஸ்டிக், கண்ணாடி கலந்திருக்கும் என்பதால் சலிக்காமல் வயலில் போட வேண்டாம்.

மரத்தடி வரை சிமென்ட் பூசுவதைப் பார்த்தால் கேள்வி கேளுங்கள். டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. நீரும் காற்றும் போகாத வேர் மேலே மேலே வந்து, அடுத்த புயலில் மரம் சாயும்.

நர்சரி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சாலையோர அழகுக்காக ஒரு காலத்தில் அதிகம் விற்ற கோனோகார்பஸை நடவும் விற்கவும் தமிழக அரசு 2025-ல் தடை விதித்துவிட்டது. அந்த நாற்றுகளை இனி எடுக்க வேண்டாம். பூங்காக்களுக்குப் புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம் நாற்றுகளைப் பெரிய பையில், ஆள் உயரத்துக்கு வளர்த்து வையுங்கள். சின்ன நாற்று சாலையோரத்தில் பிழைப்பது அரிது என்பதால், உயரமான நாற்றுக்குத்தான் கேட்பு இருக்கிறது.