வித்தைக்காரர் வட்டம்
அத்தியாயம் 7: 500 கின்னி பரிசு

1905 ஜூலையில் லண்டன் பினோலி உணவகத்தில் 23 மேஜிக் கலைஞர்கள் கூடியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இளவயதிலேயே இறந்துபோன தோழர் மார்ட்டின் சாப்பெண்டரின் பெயரையே சங்கத்துக்கு வைக்க முதலில் நினைத்தார்கள். கடைசியில் 'மேஜிக் சர்க்கிள்' என்று முடிவாயிற்று. தொழில் ரகசியத்தை வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்பதே அதன் தலையாய விதி. முதல் தலைவர் டேவிட் டெவன்ட்டே பிற்காலத்தில் பத்திரிகையில் வித்தைகளை விளக்கி எழுதியபோது, அவரையும் நீக்கினார்கள். அவ்வளவு கண்டிப்பு!

அந்தச் சங்கம் 1934 ஏப்ரலில் நம் நாட்டு விவகாரம் ஒன்றை விசாரிக்கக் கூடியது. தலைமை வகித்தவர் ஆம்ப்தில் பிரபு. 1900 முதல் 1906 வரை சென்னை மாகாணக் கவர்னராக இருந்தவர். விசாரணைக்கு வந்தது இந்தியக் கயிற்று வித்தை. கயிறு தானாக வானில் எழும்பி நிற்கும், சிறுவன் அதில் ஏறி உச்சியில் மறைந்துபோவான் என்பது கதை.

கதை உலகெங்கும் பரவக் காரணம், 1890 ஆகஸ்டில் 'சிகாகோ ட்ரிப்யூன்' வெளியிட்ட ஒரு கட்டுரை. ஜான் வில்கி என்ற நிருபர் புனைபெயரில் எழுதிய கற்பனை அது. சில மாதங்களில் பத்திரிகையே அதை ஒப்புக்கொண்டது. ஆனால் மறுப்பைப் படித்தவர்கள் கொஞ்சம், கதையை நம்பியவர்கள் ஏராளம். வில்கியோ 1898-இல் அமெரிக்க ரகசியக் காவல் துறைக்கே தலைவரானார்!

பொய் பிறந்தது சிகாகோவில். நிரூபிக்கும் சுமை விழுந்ததோ நம் தெருக் கலைஞர்கள் தலையில். செப்பிடு வித்தைக்காரர் வெறுந்தரையில் உட்கார்ந்து, சுற்றிலும் ஆள் நிற்க, கிண்ணத்துக்குள் பந்தை மறைப்பார். மாங்கொட்டையை முளைக்க வைப்பார். திரையும் இல்லை, மேடையும் இல்லை. பல்லாண்டுப் பயிற்சியில் கைக்கு வந்த அந்தத் திறமையைப் பாராட்டாமல், நடக்காத கயிற்று வித்தையைத்தான் எல்லோரும் கேட்டார்கள். இது நம் கலைஞர்களுக்கு இழைத்த அநீதி.

சாட்சியங்களைக் கேட்ட குழு, அப்படி ஒரு வித்தையே இல்லை என்று தீர்மானித்தது. திறந்த வெளியில் செய்து காட்டுபவருக்கு 500 கின்னி பரிசு என்ற சவாலும் விடப்பட்டது. ரகசியம் காப்பதையே விதியாகக் கொண்டவர்கள், பொய்யை மட்டும் காக்க மறுத்தார்கள். அந்த நேர்மைக்காக அவர்களை மதிக்கிறேன்.

பரிசு கேட்டு இந்தியாவிலிருந்து யாரும் போகவில்லை. ஆனால் இங்கிலாந்திலேயே ஒருவர் முன்வந்தார். தலைப்பாகை, கூடவே ஒரு சிறுவன், மேடைப்பெயர் 'கராச்சி'. 1935-இல் லண்டனுக்கு வெளியே ஒரு வயல்வெளி. கேமரா தயார். சுருண்டு கிடந்த கயிற்றின் நுனி மெல்ல அசைந்தது... மேலே எழும்பியது!

யார் இந்தக் கராச்சி? பரிசு கிடைத்ததா?

(அடுத்த வாரம்)