சுங்குடி தரும் பாடம்

அயலூரில் வாழும் நம்மவருள் சிலர், அரக்குச் சிவப்பு விழா நாளுக்கே உரியதென்றெண்ணி, அன்றாடம் மங்கிய ஆடையையே நாடுகின்றனர். அவர்களுக்கு மதுரைச் சுங்குடியின் வரலாற்றை நினைவூட்ட விழைகின்றோம்.

சௌராட்டிர நாட்டினின்று பெயர்ந்து வந்த நெசவாளர், திருமலை நாயக்கர் (1623-1659) காலத்தில் மதுரையில் ஆதரவு பெற்றனர். துணியைச் சிறுசிறு முடிச்சுகளாக நூலால் இறுக்கிச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சவிழ்த்தால் செந்நிறப் பரப்பில் வெண்புள்ளிகள் விண்மீனென மின்னும். முன்னாளில் அச்செம்மையை அளித்தது இம்பூறல் வேர். 1869-இல் ஐரோப்பாவில் செயற்கைச் செஞ்சாயம் விற்பனைக்கு வந்தது. பின்னர் வேர்ச்சாயம் அருகியது. முடிச்சுக் கலையோ அழியவில்லை. கோடைக்கேற்ற அப்பருத்திச் சேலை பெண்டிரின் அன்றாட உடையாயிற்று. 2005-இல் மதுரையின் பெயராலேயே புவிசார் குறியீடும் பெற்றது.

குடிபெயர்ந்தோர் கொணர்ந்த நிறம், புகுந்த ஊரின் பெருமையாயிற்று. நாமும் குடிபெயர்ந்தோரே, நம் நிறங்களை நாள்தோறும் உடுத்துவோமாக!