சிவப்புக் கீரையும் மாலைக்கண்ணும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் மாடித்தோட்டம் போடுறவங்க நடுவுல இப்போ செங்கீரை, சிவப்புத் தண்டுக்கீரை, சிவப்புக் கொடிப்பசலை நாட்டு விதைகளுக்குத்தான் மவுசு. கிளினிக்ல வர்ற கேள்வியும் அதுதான்: "டாக்டர், சிவப்பா இருந்தா சத்து அதிகம்தானே?"

ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா பின்னாடி நம்ம ஊர் வரலாறு ஒண்ணு இருக்கு. கொஞ்சம் நீளமான திரெட், பொறுத்துக்கோங்க.

சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர்.இ.ரைட், தென்னிந்தியாவின் கெரட்டோமலேசியா பற்றி 1922-ல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். வைட்டமின் ஏ குறைவால் வரும் நோய். முதல்ல மாலைக்கண்: பொழுது சாய்ஞ்சா குழந்தை தட்டுத்தடுமாறும். அப்புறம் கண் வறளும், வெள்ளைவிழியில் நுரை மாதிரி திட்டு வரும். அதோட ஒரு அம்மையோ பேதியோ சேர்ந்தா, சில நாள்லயே கருவிழி குழைஞ்சு கரைஞ்சிடும். போன பார்வை திரும்பாது.

1937-ல் ரைட், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் அய்க்ராய்டுடன் சேர்ந்து இந்த நோய்க்கு சிவப்புப் பாமாயில் கொடுத்துப் பார்த்த ஆய்வை வெளியிட்டார். அதே வருஷம் குன்னூரிலிருந்து இந்திய உணவுகளின் சத்து அட்டவணையும் வந்தது. முருங்கைக்கீரை, அகத்தி, தண்டுக்கீரையில எல்லாம் கரோட்டின் ஏராளம்னு அதிலேயே தெரிஞ்சுபோச்சு. வேலியில முருங்கை நிக்குது, வீட்டுக்குள்ள குழந்தைக்குக் கண் போகுது. இதைவிடக் கொடுமை என்ன?

நாடு தேர்ந்தெடுத்த வழி மருந்து. 1970-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 1 முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ. மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி கூடவே இன்னொன்றும் செய்தார். பின்னாளில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கினாரே, அவரேதான். 1970-களின் தொடக்கத்தில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்று அமைத்தார். நோயுற்ற குழந்தையோட தாயும் அங்கே தங்குவார். மலிவான கீரையையும் பருப்பையும் குழந்தைக்கு ஏத்த மாதிரி சமைக்கக் கத்துக்கிட்டு ஊர் திரும்புவார். எனக்கு இது அறுவை சிகிச்சைக்குக் குறைஞ்ச வேலையாத் தெரியலை.

1990-ல் வந்த திருச்சி மாவட்ட ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்க வெச்சது. 15,419 குழந்தைகள். வாராவாரம் சின்ன அளவு வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் இறப்பு 54% குறைவு. கண் மட்டுமில்ல, உயிரே இதுல இருந்தது.

அப்போ கீரை? 1995-ல் மேற்கு ஜாவா ஆய்வு ஒரு குண்டைப் போட்டது: கீரை சாப்பிட்ட தாய்மார்களின் வைட்டமின் ஏ நிலை உயரவே இல்லை. இலைக்குள்ள மாட்டியிருக்கும் கரோட்டின் எளிதில் வெளிவராது. நல்லா வேக வெச்சு, மசிச்சு, எண்ணெயோ நெய்யோ சேர்த்தாதான் உடம்புல ஒட்டும். தாளிப்பு வெறும் வாசனைக்கு இல்லைங்க.

இப்போ சிவப்புக்கு வருவோம். பாமாயிலின் சிவப்பு கரோட்டின், எண்ணெயில் கரையும். செங்கீரையின் சிவப்பு பீட்டாலெய்ன், பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை, தண்ணியில கரையும். அதனாலதான் செங்கீரை பிசைஞ்ச சோறு ரோஸ் கலர் ஆகுது. அது வைட்டமின் ஏ-வும் இல்லை, இரும்புச்சத்தும் இல்லை. கரோட்டின் பச்சைக் கீரையிலும் இருக்கு. பச்சையம் அதை மறைச்சு வெச்சிருக்கு, அவ்வளவுதான்.

அதனால சிவப்பை வளர்க்காதீங்கன்னு சொல்லலை. தட்டுல கலர் பார்த்துக் குழந்தை ஒரு வாய் கூட வாங்கினா அதுவே லாபம். ஆனா 5 வயசுக்குள்ள குழந்தை இருந்தா, தடுப்பூசி அட்டையில் வைட்டமின் ஏ கட்டம் காலியா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. மாடியில செங்கீரை இருக்குன்னு அந்த டோஸை விட்டுடாதீங்க.

விதைக்கு விடுறவங்களுக்கு ஒண்ணு: செங்கீரையும் பச்சைத் தண்டுக்கீரையும் பக்கத்துல பூத்தா மகரந்தம் காத்துல கலந்துடும், அடுத்த விதைப்புல பாதிச் சிவப்பு பாதிப் பச்சையா முளைக்கலாம். நிறம் மாறாம வேணும்னா, ஒரு பருவத்துக்கு ஒரு ரகத்தை மட்டும் பூக்க விடுங்க.